அணுமின் நிலையத்திற் காற்றளக்குங் கருவிகள்: பழுதும் பழுதுபார்த்தலும்

யாழ்ப்பாணத்துக் கடலோடிகள் காற்றுக்குப் பெயரிட்ட முறை மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடபாலிருந்து வருவது வாடை. எப்பெயரை எடுத்துக்கொண்டாலும் அது காற்று எங்கிருந்து வருகின்றது என்பதையே குறிக்கும். எங்கே போகின்றது என்பதைக் குறியாது. இக்கால வானிலை நூலாரும் இதே வழக்கையே கைக்கொள்வர். வடகாற்று என்றால் வடக்கிலிருந்து வருங் காற்று. அதனில் மிதக்கும் புகையோ தூசியோ தெற்கு நோக்கியே செல்லும். இச்சிறு வேறுபாட்டை ஒருவர் ஒரு நாழிகை மறந்தாலும், அவர் இருக்குமிடம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டறையாயின், மக்களை நஞ்சு செல்லும் வழியிலேயே அனுப்பிவிடக்கூடும்.

தமிழ் கற்பிப்போர்க்கு அணுவுலையில் என்ன அலுவல் எனச் சிலர் வினவலாம். அளவையைக் குறிக்குஞ் சொல்லை அளவாக வழங்கக் கற்பிப்பதும் மொழியாசிரியர் தொழிலே என்பது நமது விடை. அன்றியும், விஞ்ஞானத்தைத் தமிழிற் பயிலும் மாணவர்க்குக் கருவியின் பெயர் தெரிந்த அளவுக்கு அது கெடும் வகை தெரிவதில்லை. பாடநூல்கள் கருவி செவ்வனே தொழிற்படும் என்று கொண்டே எழுதப்படுகின்றன. ஆதலின் ஈண்டு நாம் கெடும் வகையையும், அதனைத் திருத்தும் வகையையுஞ் சற்று விரித்துரைப்போம்.

அணுமின் நிலையத்தின் வளவுக்குள், உலைக் கட்டடங்களின் மறைப்புக்கு அப்பால், கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்ட உயர்ந்த கோபுரமொன்று தனித்து நிற்கும். 1972ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்து, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2007இல் திருத்திய வழிகாட்டியின்படி, இக்கோபுரத்தில் 10 மீற்றர் உயரத்திலும் 60 மீற்றர் உயரத்திலுங் காற்றின் வேகமுந் திசையும் அளக்கப்படும். அவ்விரண்டு உயரங்களுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடும் அளக்கப்படும். நிலத்தருகே மழைமானியும் இருக்கும். அளவைகள் 15 நிமிடச் சராசரிகளாகக் கட்டுப்பாட்டறைக்கு வந்துசேரும். ஓராண்டிற் கிடைக்கவேண்டிய அளவைகளில் நூற்றுக்குத் தொண்ணூறேனும் பழுதின்றிக் கிடைத்தல் வேண்டும் என்பது விதி.

வேகத்தை அளப்பது கிண்ணக் காற்றுமானி. அயர்லாந்திலே ஆர்மா வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த தோமசு ரொம்னி ரொபின்சன் என்பார் 1846இல் நான்கு கிண்ணங்களுடன் அமைத்தது இது. 1926இற் கனடா நாட்டு யோன் பற்றர்சன் மூன்று கிண்ணங்களே போதும் எனக் கண்டார். மானம் என்பது அளவு. மானி அளவு காட்டுவது. திசையைக் காட்டுவதோ வாலும் மூக்குமுடைய காற்றுத் திசைகாட்டி. அதன் மூக்கு காற்று வரும் பக்கத்தையே நோக்கும். நம் கடலோடிகளின் பெயர்வழக்கும் இக்கருவியின் மூக்கும் ஒன்றுபடுதல் காண்க.

வெப்பநிலையை இரண்டு உயரங்களில் அளப்பது எதற்காக? மார்கழி விடியலில் வளவிலே குப்பை கொளுத்தினால் எழும் புகை மேலே செல்லாது, வேலிக்கு மேலே பாய் விரித்தாற்போலக் கிடந்து அயல்வீடு வரை அப்படியே செல்லும். அதே குப்பையை நண்பகலிற் கொளுத்தினால் புகை சுழன்று மேலெழுந்து கலைந்துவிடும். தெளிந்த இரவில் நிலம் விரைவிற் குளிர்கின்றது. நிலத்தையொட்டிய காற்றும் அதனுடன் குளிர்ந்து பாரமாகிக் கீழே தங்குகின்றது. மேலேயுள்ள காற்று ஒப்பளவில் வெம்மையாயிருக்கும். இதனை வெப்பநேர்மாறல் என்பர். பகலில் நிலஞ் சூடேற, கீழ்க்காற்று இலேசாகி மேலெழுந்து அனைத்தையுங் கலக்குகின்றது. உலையிலிருந்து கதிர்த்தொழிற்பாடுடைய வளி வெளிப்படுமாயின், அது கலைந்து ஐதாகுமா, கலையாமற் செறிவோடு அயலூரை அடையுமா என்பதை இவ்வேறுபாடு காட்டிக்கொடுக்கும்.

பிரான்க் பாசுகுவில் என்னும் ஆங்கில வானிலையறிஞர் 1961இல் இந்நிலைகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார். அமெரிக்கர் ஏழாவதொன்றைச் சேர்த்தனர். முதலாம் வகுப்பு நன்கு கலையும் நிலை. ஏழாம் வகுப்பு சற்றுங் கலையா நிலை. இனி எண்களைப் பார்ப்போம். 10 மீற்றருக்கும் 60 மீற்றருக்கும் இடையிலான 50 மீற்றரில், மேற்காற்று கீழ்க்காற்றிலும் 0.95 பாகை செல்சியசோ அதற்கு மேலோ குளிர்ந்திருந்தால் முதலாம் வகுப்பு. 0.85 வரை இரண்டாம் வகுப்பு, 0.75 வரை மூன்றாம் வகுப்பு, அதன்பின் 0.25 வரை நடுநிலையான நான்காம் வகுப்பு. முதலாவதன் எல்லைக்கும் நான்காவதன் எல்லைக்கும் உள்ள இடைவெளி ஒரு பாகையின் ஐந்திலொரு பங்கே! காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில் நாம் பொருட்படுத்தாது விடும் அவ்வளவு சிறிய வேறுபாட்டை, வெயிலிலும் மழையிலும் ஆண்டு முழுதும் நிற்கும் இரண்டு உணரிகள் தவறாது காட்டவேண்டும். அதனாலேதான் வேறுபாட்டளவையின் வழு 0.1 பாகைக்கு மேற்படலாகாது என விதித்தனர்.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்பார்க்கு யப்பான் நாட்டிலே புக்குஷிமாவில் நிகழ்ந்ததை எடுத்துக்காட்டுவோம்.

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பிற்பகல் 2.46க்கு நிலம் அதிர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை நிலையத்தை மூடிற்று. முதல் நான்கு உலைகளின் மின்பிறப்பாக்கிகள் யாவும் செயலிழந்தன. உலைகளைக் குளிர்விக்கும் வழி அற்றுப்போனமை உலகறிந்த செய்தி. பலர் அறியாத செய்தி பிறிதொன்று உண்டு. நிலைய எல்லையைச் சுற்றிக் கதிர்ப்பை அளந்துகொண்டிருந்த எட்டுக் கண்காணிப்பு நிலைகளும் மின்னிழந்து வாய்மூடின. மாகாண அரசு சுற்றுவட்டாரத்தில் அமைத்திருந்த 24 நிலைகளுள் 23 பயன்படாதொழிந்தன. எஞ்சியது அளவைக் கருவிகள் பூட்டிய ஊர்தி. ஊழியர் அதனை வாயிலருகே நிறுத்திக் கதிர்ப்பையுங் காற்றின் திசையையும் வேகத்தையுங் கையாற் குறித்து வந்தனர். மார்ச்சு 15 காலை 9 மணிக்கு முதன்மை வாயிலில் அவ்வாறு குறிக்கப்பட்ட அளவு மணிக்கு 11.93 மில்லிசீவேட்டு. உலக மக்கள் இயற்கையாற் பெறுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட்டு என்ப. ஆகவே ஏறத்தாழ ஐந்தாண்டு அளவு அங்கே ஒரு மணி நேரத்தில் வந்தது. அந்த ஊர்தியில் இருந்து எழுதியோரின் பெயர்களை எவரும் பாடநூலிற் பொறிக்கமாட்டார்; ஆயினும் அன்று அந்நிலையத்தின் கண்ணாயிருந்தவர் அவரே.

ஸ்பீடி என்னும் பெயரிற் பெரும்பொருட் செலவில் அமைத்த கணிப்பு முறையொன்றும் யப்பானிடம் இருந்தது. எவ்வளவு நஞ்சு வெளியேறுகின்றது, காற்று எப்படி வீசுகின்றது என்னும் இரண்டையும் ஊட்டினால் எவ்வூருக்கு எவ்வளவு சென்றடையும் என அது கூறும். முதலாவதைக் கூறவேண்டிய உலைக் கருவிகள் மின்னின்றிக் கிடந்தன. ஆதலின் மணிக்கு ஓர் அலகு வெளியேறுவதாக வைத்துக்கொண்டு கணித்தனர். அளவு தெரியாவிடினுந் திசையாவது தெரியும் அல்லவா? அக்கணிப்பின் பயனைப் பொதுமக்கள் முதன்முதலாக அறிந்தது மார்ச்சு 23ஆம் நாளிலேதான்.

இடையில் நடந்தது யாது? அரசு கவராயத்தால் வட்டங் கீறியது. 11ஆம் நாள் இரவு 3 கிலோமீற்றர். 12ஆம் நாள் விடியலில் 10. அன்று மாலை 20. வட்டத்துக்கு வெளியே போனாற் காவல் என மக்கள் எண்ணினர். நமியே என்னும் ஊரின் மக்களிற் பல்லாயிரவர் வடமேற்கே மலைப்பாங்கான சுஷிமா என்னும் பகுதிக்குச் சென்று பள்ளிக்கூடங்களிலே தங்கினர். முதல் நாட்களிற் காற்று பெரும்பாலும் கடல்நோக்கி வீசிற்று. 15ஆம் நாள் அது திரும்பியது. காலையில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சென்ற காற்று, பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி வீசலாயிற்று. அவ்வேளையில் மழையும் பனியும் பெய்து, மிதந்து சென்ற சீசியத்தையும் அயடீனையும் நிலத்தில் இறக்கிவிட்டன. வட்டத்துக்கு அப்பால் வடமேற்கே கிடந்த இத்தாத்தே என்னுஞ் சிற்றூரை விட்டு நீங்குமாறு கட்டளை பிறந்தது ஏப்பிரல் 22ஆம் நாளில். காற்று கவராயத்தை அறியாது.

ஊட்டிய அளவு உண்மையானதன்று ஆதலின் கணிப்பை வெளியிடாமை சரியே என்று வாதிப்பாரும் உளர். யப்பானிய அணுசக்தி ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2014இல், மக்களை வெளியேற்றும் முடிவுக்கு இத்தகைய கணிப்புகளை ஆதாரமாகக் கொள்வதில்லை எனவும், நேரில் அளந்த அளவையே கொள்வதெனவுந் தீர்மானித்தது. நமது கருத்தில் இவ்வாதம் கருவியின் சுமையைக் கூட்டுகின்றதேயன்றிக் குறைக்கவில்லை. கணிப்பை நம்பேன், அளவையையே நம்புவேன் என்பவனுக்கு அளவைக் கருவி ஒருநாளும் ஓயலாகாது. அமெரிக்கரது முறை இரண்டிற்கும் நடுவானது. பெரும் விபத்தெனக் கண்டால் நிலையத்தைச் சுற்றி 2 மைல் வட்டத்தையும், காற்றுச் செல்லும் பக்கமாக 5 மைல் வரையிலான பகுதியையும் முதலிற் காப்பது அவர் வழக்கம். வரைபடத்தில் அது திறவுகோல் துவாரம்போலத் தோன்றும். அத்துவாரத்தின் வால் எப்பக்கம் என்பதைக் கூறுவது கோபுரத்து உச்சியில் நிற்குந் திசைகாட்டியே.

இனிப் பழுதுகளை நோக்குவோம். கருவி கெடுதல் இருவகைத்து: வெளிப்படக் கெடுதல், மறைவிற் கெடுதல். மின்னல் தாக்குவது முதல்வகை. உயர்ந்து தனித்து நிற்குங் கோபுரம் மின்னலை வரவேற்பதுபோல நிற்கின்றது. ஒரு தாக்குதலில் உணரியும் பதிகருவியும் ஒருங்கே எரிந்துபோதல் உண்டு. அளவைகள் திரையிலிருந்து மறையும், எல்லாரும் அறிவர். அமெரிக்க விதிப்படி, அவசரநிலையை மதிப்பிடும் ஆற்றல் பெரிதும் இழக்கப்பட்டால் 8 மணி நேரத்துள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். இத்தகைய அறிவித்தல்கள் பொதுமக்கள் பார்வைக்கும் வெளியிடப்படுகின்றன. பழுது தீரும்வரை தேசிய வானிலைச் சேவையிடமிருந்து காற்றின் அளவைகளைக் கேட்டுப் பெறுவர். இரவல் அளவை இல்லாமையிலும் நன்று. ஆயினும் விமான நிலையம் பல கிலோமீற்றர் உள்ளே இருக்க, உலை கடற்கரையில் இருக்குமாயின், கடற்காற்று வீசும் பகற்பொழுதில் இரண்டிடத்துத் திசைகளும் ஒன்றாயிரா. இரண்டு உயர வெப்பநிலையும் அங்கே கிடையாது. அதற்குப் பாசுகுவிலின் பழைய முறையே கைகொடுக்கும்: வெயிலின் வலிமை, முகில் மூடிய அளவு, காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொண்டே அவர் வகுப்பை மதிப்பிட்டார்.

மறைவிற் கெடுதலே அஞ்சத்தக்கது. கருவி வாய்மூடாது, பொய் சொல்லும்.

காற்றுமானியின் உருள்தாங்கியில் உப்புந் தூசியும் ஏறித் தேய்ந்துவிட்டது எனக் கொள்வோம். உண்மை வேகம் செக்கனுக்கு 3 மீற்றராயிருக்க அது 2 மீற்றர் என்று காட்டுகின்றது. மிதக்கும் நஞ்சின் செறிவு வேகத்துக்கு நேர்மாறாதலின், கணிப்பு செறிவை ஒன்றரை மடங்காக்கிக் கூறும். மிகைப்படக் கூறுதல் நன்மைக்கே என்று சிலர் ஆறுதலடைவர். அவ்வாறன்று. 12 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊரை நஞ்சு சென்றடைய உண்மையில் 4,000 செக்கன், அஃதாவது ஒரு மணியும் ஏழு நிமிடமும் செல்லும். கருவியை நம்பியவரோ 6,000 செக்கன், ஒரு மணியும் நாற்பது நிமிடமும் உண்டென்பர். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிச்செல்ல வேண்டியவர்க்கு அரைமணிக்கு மேற்பட்ட பொழுது இவ்வாறு ஒளிவிலே களவு போகின்றது.

வெப்பநிலை உணரிகள் வெயில் படாதவாறு கவசத்துள் இருக்கும். சிறு விசிறியொன்று ஓயாது காற்றை இழுத்து அவற்றின்மேற் செலுத்தும். கீழ்க்கவசத்தின் விசிறி நின்றுபோனால் நண்பகலிற் கவசம் சூடேறிக் கீழ்க்காற்று உள்ளதிலும் வெம்மையெனக் காட்டும். நடுநிலையான காற்று நன்கு கலையும் முதலாம் வகுப்பாக மாறித் தோன்றும். நஞ்சு கலைந்துவிடும், அஞ்சற்க என்று கணிப்புக் கூறும். ஊருக்கு வருவதோ கலையாத நஞ்சு. மேல்விசிறி நின்றாலோ பிழை மறுபக்கமாகும்; வீணாக அஞ்சுவோம். ஒரே வகை விசிறி, ஒரே வகைப் பழுது. நின்ற உயரம் ஒன்றே வேறு. இவ்வெடுத்துக்காட்டை மாணவர் தாமே கணித்துப் பார்த்தல் நன்று.

திசைகாட்டி பனிக்கட்டியால் உறைந்து அசையாது நின்றால் ஒரே திசையை மணிக்கணக்காகக் காட்டும். உண்மையான காற்று ஒருபோதும் அவ்வாறு நேர்கோட்டில் வீசாது. சிறிதேனும் அங்குமிங்கும் அலையும். ஆகவே பதிகருவியிலே கோடு மிக ஒழுங்காக ஓடுமாயின் அறிவுள்ள ஊழியர் மகிழார், ஐயுறுவர். மாணவர் பலர் நேர்கோட்டைக் கண்டால் விடை சரி என்று எண்ணுவர். இங்கே அது பழுதின் குறி. அசையும் உறுப்பே இல்லாது, ஒலி ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் நேரத்தைக் கொண்டு காற்றை அளக்குங் கருவிகள் இப்போது வழக்கில் உள. அவற்றுக்குத் தேய்மானம் இல்லை. ஆயினும் பனி படிந்தாலோ, பறவை வந்து குந்தினாலோ அவையும் பிழைபடும்.

பழுது கண்டபின் செய்வன யாவை? கோபுரத்தின்மேல் வைத்துக்கொண்டு திருத்த முற்படுவது வழக்கமன்று. முன்னரே சோதித்து வைத்த மாற்றுணரியைப் பூட்டிவிட்டு, பழுதானதைப் பட்டடைக்குக் கொண்டுசெல்வர். அங்கே கிண்ணங்களைக் கழற்றிவிட்டு, அச்சினை மின்னியக்கியால் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று அறிந்த வேகத்திற் சுழற்றி, கருவி அதற்குரிய எண்ணைக் காட்டுகின்றதா என்று பார்ப்பர். உருள்தாங்கியைச் சிறு நிறை கொண்டு சோதிப்பர். மிகச் சிறு நிறைக்கும் அச்சு அசையாவிடின், மென்காற்றில் அது சுழலாது என்பது பொருள். செக்கனுக்கு 0.45 மீற்றரிலும் மெல்லிய காற்றிலேயே கருவி அசையத் தொடங்கவேண்டும் என்பது விதி. மென்காற்றிலன்றோ நஞ்சு கலையாது தங்கும்!

திசைகாட்டியை மீண்டும் பூட்டும்போது வடக்கு எது என்னும் வினா எழும். காந்த ஊசி காட்டும் வடக்கும் புவியின் உண்மை வடக்கும் ஒன்றல்ல. ஐக்கிய அமெரிக்காவின் சில பகுதிகளில் வேறுபாடு 10 பாகைக்கும் மேற்படும். காந்த ஊசியை அப்படியே நம்பி 10 பாகை பிறழப் பூட்டினால், 16 கிலோமீற்றர் தொலைவில் நஞ்சின் பாதை 2.8 கிலோமீற்றர் விலகித் தோன்றும். ஓர் ஊர் தப்பும், மற்றோர் ஊர் வீணே எழுப்பப்படும். ஆதலின் நில அளவையாளர் முன்னரே அளந்து வைத்த தொலைவான குறியொன்றை நோக்கித் திசைகாட்டியின் மூக்கைத் திருப்பி, உரிய பாகை காட்டப்படுகின்றதா எனச் சரிபார்ப்பர்.

வெப்பநிலை உணரிகள் இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் அமிழ்த்துவர். ஒரே நீரில் இருப்பவை ஒரே அளவைக் காட்டவேண்டும். வேறுபாடு சுழியாக வேண்டும். இரண்டும் ஒருங்கே அரைப்பாகை பிழைத்தாலும் வேறுபாடு பிழையாது என்பது இம்முறையின் நயம். இதன்பின்னும் ஓர் இடர் உண்டு. மேலுணரியின் கம்பியைக் கீழுணரியின் இடத்தில் மாற்றிப் பூட்டிவிட்டால், பட்டடையிற் கண்ட சரியெல்லாங் கோபுரத்தில் நேர்மாறாகும். கலையும் நிலை கலையா நிலையாகவும், கலையா நிலை கலையும் நிலையாகவுந் தோன்றும். நீர்த்தொட்டி இதனைக் காட்டாது. அதற்குச் சூரியனே சோதகர். முகிலற்ற நண்பகலிற் கீழுணரி வெம்மை கூடியிருத்தல் வேண்டும். பொழுது சாயச் சாய வேறுபாடு சுருங்கிச் சுழியை அடையும். காற்று அடங்கிய தெளிந்த மாலையில், சூரியன் மறையும் வேளையை ஒட்டி, குறி மாறி மேலுணரி வெம்மை கூடத் தொடங்கும். நல்ல திருத்துநர் கம்பிகளைப் பூட்டியவுடன் ஏட்டிற் கையெழுத்திடார். இருட்டும்வரை இருந்து, குறி மாறக் கண்டபின், பழுது தொடங்கிய நேரத்திலிருந்து அந்நேரம் வரையிலான அளவைகளை அழித்துவிட்டு, அவ்விடங்களை வெறுமையாகவே விட்டு, நேரத்தை எழுதிக் கையெழுத்திடுவர்.